பிள்ளையின் இருதயமும் டாக்டரின் கையும்

(செஞ்சியில் நடந்த கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஆண்டு விழாவில் பேசணும்னு தலைவி கேட்டபோது, "சேமிப்பு, கடன் எல்லாம் நீங்கதான் எனக்குச் சொல்லித் தரணும், நான் என்னத்தைப் பேசறது?" என்றேன். "நீங்க பார்த்த வேலையைப் பத்திப் பேசுங்க, அது போதும்" என்றாங்க. நான் டாக்டர் இல்லை. செஞ்சி பக்கத்துக் கிராமத்தில் பிறந்து, நர்சிங் படித்து, சென்னையில் குழந்தைகளுக்கு இருதய ஆபரேஷன் செய்கிற பிரிவில் 22 வருஷம் ஸ்டாஃப் நர்ஸாக வேலை பார்த்தவள்.

இரண்டே விஷயம் சொல்கிறேன். குழந்தைகளின் இருதயத்தை ஆபரேஷன் செய்கிற ஒரு டாக்டர் எப்படி உருவாகிறார் என்பது ஒன்று. அவ்வளவு பாடுபட்டு உருவான அந்தக் கை நம்ம பிள்ளைக்கு உதவணும்னா நாம என்ன செய்யணும் என்பது இன்னொன்று.

உங்க மடியில் இருக்கிற குழந்தையின் கையை மெல்ல மூடிப் பாருங்க. அந்த மூடின கை எவ்வளவு இருக்கோ, ஏறக்குறைய அவ்வளவுதான் அதனுடைய இருதயம். பிறந்து சில நாளான, 3 கிலோ எடையுள்ள குழந்தையின் உடம்பில் ஓடுகிற மொத்த ரத்தமே சுமார் 250 மி.லி. தான். ஒரு பெரிய டம்ளர் அளவு. அதில் நாலு ஸ்பூன் ரத்தம் போனாலே பெரிய நஷ்டம். அதனால்தான் ரத்தம் துடைத்த பஞ்சையும் துணியையும் கூட நாங்கள் எடை போட்டுக் கணக்கு வைப்போம். உங்க குழுவில் கணக்கு நோட்டு எழுதுகிற மாதிரிதான். ஒரு ரூபாய் விட்டுப்போனால் எப்படித் தேடுவீங்களோ, அப்படி நாங்கள் ரத்தத்தைத் தேடுவோம்.

துடித்துக்கொண்டே இருக்கிற இருதயத்தின் உள்ளே தையல் போட முடியாது. அதை நிறுத்தணும். நிறுத்தினால் உயிர் போகாதா? அதுக்குத்தான் ஒரு மெஷின் இருக்கு. உடம்பில் இருந்து ரத்தத்தை வெளியே எடுத்து, அதில் பிராணவாயு கலந்து, திரும்ப உடம்புக்குள்ளே அனுப்பும். இருதயமும் நுரையீரலும் செய்கிற வேலையைக் கொஞ்ச நேரம் அது செய்யும். அந்த நேரத்துக்குள்ளே டாக்டர் ஓட்டையை அடைக்கணும், மாறிப்போன குழாயை மாற்றி வைக்கணும், தலைமுடியை விட மெல்லிய நூலால் தைக்கணும். கண்ணாடியிலேயே பூதக்கண்ணாடி பொருத்திக்கொண்டுதான் தைப்பார். முடிந்ததும் மெஷினை மெதுவாக நிறுத்துவார்கள். அந்தச் சின்ன இருதயம் தானாகத் துடிக்க ஆரம்பிக்கும். 22 வருஷம் பார்த்தும், அந்த ஒரு நிமிஷத்தில் ரூமில் யாரும் பேசமாட்டோம்.

இந்த நோய் அபூர்வம் என்று நினைக்காதீங்க. பிறக்கிற ஆயிரம் குழந்தைகளில் 8 முதல் 10 குழந்தைகளுக்கு இருதயத்தில் ஏதோ ஒரு குறை இருக்கிறது. பாதிக்கு மேல் சின்னக் குறைதான். சின்ன ஓட்டை பல பிள்ளைகளுக்குத் தானாகவே மூடிக்கும். சிலருக்கு மார்பைத் திறக்காமல், தொடையில் இருக்கிற ரத்தக் குழாய் வழியாகவே ஒரு மூடியைக் கொண்டுபோய் அடைத்துவிடலாம். மிச்சம் இருக்கிறவர்களுக்குத்தான் ஆபரேஷன். கிரகணத்தில் வெளியே வந்தாள், முழுகாம இருக்கும்போது ஆகாததைத் தின்றாள் என்று தாயைக் குறை சொல்கிற பேச்சை இன்றைக்கே விட்டுடுவோம். கருவில் முதல் இரண்டு மாதத்தில் இருதயம் உருவாகும்போது ஏற்படுகிற குறை இது. தாய்க்குச் சர்க்கரை நோய், கர்ப்பத்தின் தொடக்கத்தில் ருபெல்லா அம்மை, நெருங்கின சொந்தத்தில் கல்யாணம் இவையெல்லாம் வாய்ப்பைக் கொஞ்சம் கூட்டும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு இன்னதுதான் காரணம் என்று விரல் நீட்டவே முடியாது.

சரி, இந்த ஆபரேஷனைச் செய்கிறவர் எப்படி வருகிறார்?

நம்ம ராஜகிரி மலையை ஏறினவங்க இங்கே நிறைய பேர் இருப்பீங்க. கீழே நின்று பார்த்தால் உச்சி பக்கத்தில் இருக்கிற மாதிரி தெரியும். ஒரு வாசலைத் தாண்டினால் இன்னொரு வாசல், படி முடிந்தது என்று நினைத்தால் மறுபடியும் படி. இந்தப் படிப்பும் அப்படித்தான். பிளஸ் டூ முடித்து எம்.பி.பி.எஸ். சேர்ந்தால் பயிற்சியோடு ஐந்தரை வருஷம். அதுக்கப்புறம் ஒரு நுழைவுத் தேர்வு எழுதி, பொது அறுவை சிகிச்சையில் எம்.எஸ்., 3 வருஷம். மறுபடியும் ஒரு நுழைவுத் தேர்வு, இருதய அறுவை சிகிச்சையில் எம்.சி.எச்., இன்னும் 3 வருஷம். இது வரைக்கும் பெரியவங்க இருதயம், சின்னவங்க இருதயம் எல்லாம் சேர்த்துத்தான். அதுக்கு மேலே குழந்தைகளுக்கு மட்டும் என்று தனியாகப் பயிற்சி, ஒன்று இரண்டு வருஷம். 18 வயதில் ஏற ஆரம்பித்தவர், எங்கேயும் தடங்கல் இல்லாமல் போனாலே 31, 32 வயது ஆகியிருக்கும். அப்போதும் உச்சிக்கு வந்ததாகக் கணக்கில்லை. பெரிய டாக்டருக்கு எதிரில் நின்று உதவி செய்கிற வருஷங்கள் இன்னும் இருக்கும்.

கத்தியைக் கையில் எடுத்ததும் இருதயத்தைத் தொட விடமாட்டார்கள். முதலில் மார்பைத் தைத்து மூடுவது, பிறகு திறப்பது, பிறகு மெஷினுக்குக் குழாய் பொருத்துவது, பிறகு எளிய ஓட்டையை அடைப்பது, இப்படிப் படிப்படியாகத்தான் கொடுப்பார்கள். ஆட்டு இருதயத்தை வாங்கி வந்து, மேஜை மேல் வைத்துத் தைத்துப் பழகுவார்கள். நைட் டியூட்டியில் இளம் டாக்டர்கள் மேஜை இழுப்பறையின் கைப்பிடியில் நூலைக் கட்டி, முடிச்சுப் போட்டு அவிழ்த்து, மறுபடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதை எத்தனையோ ராத்திரி பார்த்திருக்கிறேன். பூக்கட்டுகிற அக்காவின் விரல் கண்ணால் பார்க்காமலே ஓடுது இல்லையா, அந்த அளவுக்கு விரல் பழகணும்.

இந்தக் கலை நம்ம பக்கத்துக்கு எப்படி வந்தது என்று சொன்னால் ஆச்சரியப்படுவீங்க. அந்தக் கதைக்கு நம்ம திண்டிவனத்திலும் ஒரு வேர் இருக்கிறது. 1890களில் ஐடா ஸ்கடர் என்ற இளம்பெண், திண்டிவனத்தில் மிஷன் டாக்டராக இருந்த அப்பாவுடன் தங்கியிருந்தார். ஒரே ராத்திரியில் மூன்று வீட்டு ஆண்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து கதவைத் தட்டினார்கள். மூவரின் மனைவிக்கும் பிரசவம் கஷ்டம். "எங்க அப்பா டாக்டர், அவர் வருவார்" என்று ஐடா சொன்னார். ஆம்பிளை டாக்டர் வேண்டாம் என்று மூன்று பேரும் திரும்பிப் போய்விட்டார்கள். விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள். டாக்டர் படிக்கும் எண்ணமே இல்லாத அந்தப் பெண், அமெரிக்கா போய் 1899ல் டாக்டர் பட்டம் வாங்கி, அடுத்த வருஷமே திரும்பி வந்து வேலூரில் வைத்தியம் ஆரம்பித்தார். 1918ல் பெண்களுக்கென்றே ஒரு மருத்துவப் பள்ளியையும் அங்கே தொடங்கினார். அதுதான் இன்றைக்கு இருக்கிற வேலூர் சி.எம்.சி.

அந்த மருத்துவமனையில்தான் 1940களின் கடைசியில் டாக்டர் ரீவ் பெட்ஸ் நெஞ்சறுவைக்கென்று தனிப் பிரிவை அமைத்தார். இருதயத்தைத் திறந்து செய்த இந்தியாவின் முதல் ஆபரேஷன்களில் ஒன்று, 1961ல் டாக்டர் கோபிநாத் தலைமையில் அங்கே நடந்தது. பிற்பாடு அதே வேலூரில் அறுவை சிகிச்சை விரிவுரையாளராக வேலையைத் தொடங்கினவர்தான், நம்ம மாநிலத்தில் குழந்தை இருதய ஆபரேஷன் என்றாலே எல்லோரும் பேர் சொல்கிற டாக்டர் கே.எம். செரியன்.

செரியன் கேரளத்துக் குடும்பம். 1942ல் பிறந்தவர். மணிப்பாலில் மருத்துவம் படித்தார். வேலூருக்குப் பிறகு ஆஸ்திரேலியா போனார். 1973ல் அங்கே அறுவை சிகிச்சைக்கான உயர்ந்த தகுதியான எஃப்.ஆர்.ஏ.சி.எஸ். பெற்றார். நியூசிலாந்தில் வேலை பார்த்தார். பிறகு அமெரிக்காவில் அலபாமா மாநிலத்துப் பர்மிங்காம் நகரில், டாக்டர் ஜான் கிர்க்லினிடம் குழந்தை இருதய அறுவைக்கென்றே தனிப் பயிற்சி எடுத்தார். யார் அந்தக் கிர்க்லின்? நான் முன்னே சொன்னேனே, அந்த மெஷினை வைத்து 1955லேயே வரிசையாக ஆபரேஷன் செய்து, இது நம்பகமான வழிதான் என்று உலகத்துக்குக் காட்டினவர்களில் ஒருவர். வெளிநாட்டிலேயே இருந்திருந்தால் செரியனுக்கு ஒரு குறையும் இருந்திருக்காது. அவர் திரும்பி வந்தார். சேர்ந்த இடம் பணக்காரங்க மருத்துவமனை இல்லை. பெரம்பூரில் இருக்கிற ரயில்வே மருத்துவமனை. ரயில்வே தொழிலாளிகளும் அவங்க குடும்பமும் வருகிற இடம். 1975ல் இந்தியாவின் முதல் பைபாஸ் ஆபரேஷனை அங்கேதான் வெற்றிகரமாகச் செய்தார். 1987ல் மெட்ராஸ் மெடிக்கல் மிஷனில் இருதய நோய் நிலையத்தை உருவாக்கினார். பிறகு ஃபிரான்டியர் லைஃப்லைன் மருத்துவமனையைத் தொடங்கினார். குழந்தைக்கு மாற்று இருதயம் பொருத்துவதிலும், இருதயத்தையும் நுரையீரலையும் சேர்த்துப் பொருத்துவதிலும் இந்தியாவில் அவரைத்தான் முன்னோடி என்கிறார்கள். 1991ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 2025 ஜனவரி 25 அன்று, 82 வயதில் காலமானார். அவரிடம் கற்றுக்கொண்ட டாக்டர்கள் இன்றைக்குப் பல ஊர்களில் பிள்ளைகளுக்கு ஆபரேஷன் செய்துகொண்டிருக்கிறார்கள்.

இதில் நான் கவனிக்கிறது ஒன்று. வேலூரில் ஒருத்தர் கொடுத்தது, ஆஸ்திரேலியாவில் ஒருத்தர் கொடுத்தது, அமெரிக்காவில் ஒருத்தர் கொடுத்தது, எல்லாம் சேர்ந்துதான் அந்தக் கையில் இருந்தது. ஒருத்தர் சந்தாவில் குழு நடக்காது என்று உங்களுக்குத் தெரியும். பத்து வீட்டுக் காசு சேர்ந்தால்தான் ஒரு வீட்டுக்குக் கடன் கொடுக்க முடியும். டாக்டரின் கையும் அப்படிப் பல பேர் போட்டு வைத்த சேமிப்புதான்.

இந்த ஆபரேஷன் பிறந்த கதையே அதுக்குச் சாட்சி. அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஹெலன் டாசிக் என்று ஒரு பெண் டாக்டர் இருந்தார். 11 வயதில் அம்மாவைக் காசநோய்க்குப் பறிகொடுத்தவர். ஹார்வர்டில் பாடம் கேட்கலாம், ஆனால் பெண்ணுக்குப் பட்டம் தரமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். வேறு கல்லூரிக்குப் போய் டாக்டர் ஆனார். பிறகு காது கேட்காமல் போனது. இருதய டாக்டருக்குக் காது கேட்கலேன்னா ஸ்டெதாஸ்கோப்பை வைத்து என்ன செய்வது? பிள்ளையின் மார்பில் விரலை வைத்தே துடிப்பைப் படிக்கப் பழகிக்கொண்டார். உதடும் நகமும் நீலமாகி மூச்சுக்குத் தவிக்கிற பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்து, நுரையீரலுக்குப் போதுமான ரத்தம் போகாததுதான் கோளாறு என்று கண்டுகொண்டார். ஒரு வயலுக்குத் தண்ணி பாயலேன்னா பக்கத்து வாய்க்காலில் இருந்து கிளை வெட்டி விடுகிறோம் இல்லையா, அதே மாதிரி இன்னொரு ரத்தக் குழாயை நுரையீரலுக்குத் திருப்பிவிட முடியுமா என்று கேட்டார். அறுவை மருத்துவர் ஆல்ஃபிரட் பிளாலக் அந்த வேலையை ஏற்றுக்கொண்டார்.

மூன்றாவதாக ஒருத்தர், விவியன் தாமஸ். கறுப்பின இளைஞர், தச்சு வேலை தெரிந்தவர். டாக்டருக்குப் படிக்கணும்னு காசு சேர்த்து வைத்திருந்தார். 1930ல் பேங்க் திவாலாகி அந்தச் சேமிப்பு முழுக்கப் போனது. அதோடு படிப்பும் போனது. அதுக்குச் சில மாதம் முன்னாடியே பிளாலக்கின் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராகச் சேர்ந்திருந்தார். துப்புரவுப் பணியாளர் என்ற பெயரில்தான் சம்பளம் கொடுத்தார்கள். அவர்தான் நாய்களுக்குத் திரும்பத் திரும்ப இந்த ஆபரேஷனைச் செய்து வழியைக் கண்டுபிடித்தார். 1944 நவம்பர் 29 அன்று, 15 மாதப் பெண் குழந்தைக்கு முதன்முதலாக ஆபரேஷன் செய்தபோது, பிளாலக்குக்குப் பின்னால் ஒரு படிக்கட்டு மேல் நின்றுகொண்டு, எப்படித் தைக்கணும் என்று தாமஸ் சொல்லிக்கொண்டே இருந்தார். அந்தக் குழந்தை அதுக்கப்புறம் சில மாதமே இருந்தது. ஆனால் அடுத்தடுத்து வந்த பிள்ளைகளுக்கு ஆபரேஷன் மேஜை மேலேயே நீல உதடு சிவந்தது. பின்னாளில் பெரிய பெரிய அறுவை மருத்துவர்கள் தாமஸிடம் தொழில் கற்றுக்கொண்டார்கள். 1976ல் அதே ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது.

அந்த டாசிக் அம்மாவிடம் படித்தவர்களில் நம்ம தமிழ்க் குடும்பத்துப் பெண்ணும் ஒருத்தர் உண்டு. டாக்டர் பத்மாவதி. 1917ல் பர்மாவில் பிறந்து, ரங்கூனில் டாக்டருக்குப் படித்தார். ஜப்பான் படை வந்தபோது அகதியாகக் கோயம்புத்தூருக்கு வந்து சேர்ந்த குடும்பம். அங்கிருந்து லண்டன் போய், அமெரிக்கா போய்ப் படித்து, 1953ல் திரும்பி டெல்லி லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். இந்தியாவின் முதல் பெண் இருதய மருத்துவர் அவர்தான். ஆபரேஷன் செய்கிறவர் இல்லை, நோயைக் கண்டுபிடித்து மருந்து கொடுக்கிறவர். தொண்ணூறு வயசைத் தாண்டியும் நோயாளிகளைப் பார்த்தார். 2020ல் 103 வயதில் மறைந்தார்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நம்ம வீட்டிலும் பெண் பிள்ளைகள் படிக்கிறாங்க. எங்க பிரிவிலேயே ஒரு பெண் டாக்டர் பயிற்சிக்கு வந்தாங்க. தொடர்ந்து ஏழெட்டு மணி நேரம் நின்று ஆபரேஷனில் உதவி செய்துவிட்டு வெளியே வந்தால், போனில் வீட்டில் இருந்து அழைப்பு. "வயசு 29 ஆகுது, எப்ப கல்யாணம்?" தினமும் அதே கேள்வி. அவங்க ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, திரும்ப வந்து அந்தப் பிள்ளையின் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவாங்க. ஆபரேஷன் முடிந்த முதல் ராத்திரிதான் கண்டம். மணிக்கு மணி மூத்திரம் எத்தனை மி.லி., குழாய் வழியாக ரத்தம் எவ்வளவு வருது, கால் சூடாக இருக்கா சில்லென்று இருக்கா என்று பார்த்துக்கொண்டே இருக்கணும். வெட்டித் தைக்கிறது பாதி வேலைதான், பக்கத்தில் விழித்திருப்பது மீதிப் பாதி. அந்தப் பெண் இன்றைக்குத் தனியாக ஆபரேஷன் செய்கிறாங்க. அரசுப் பள்ளியில் 6ஆம் வகுப்பில் இருந்து பிளஸ் டூ வரை படித்த பிள்ளைகளுக்கு, 2020ல் இருந்து மருத்துவப் படிப்பில் 7.5 சதவீதம் இடம் ஒதுக்கியிருக்கிறது நம்ம மாநிலம். கல்லூரிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. செஞ்சிப் பக்கத்துப் பெண் ஒருத்தி அந்தப் படியில் கால் வைத்தால், பாதியில் இறங்கு என்று சொல்கிற முதல் ஆள் நாமாக இருக்கக் கூடாது.

இப்போ இரண்டாவது விஷயத்துக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் நான் வந்தேன்.

ஒரு பெண் குழந்தை. 11 வயது. வட மாவட்டத்தில் ஒரு கிராமம். இருதயத்தில் பெரிய ஓட்டை இருக்கிறது என்று ஒண்ணாவது படிக்கும்போதே பள்ளிக்கூடத்துக்கு வந்த டாக்டர் சொல்லியிருக்கிறார். சீட்டும் எழுதிக் கொடுத்திருக்கிறார். வீட்டில், "நல்லாத்தானே ஓடி ஆடுது, நெஞ்சைக் கிழிச்சா தழும்பு விழும், நாளைக்கு எவன் கட்டுவான்?" என்று பேசி, சீட்டை டிரங்குப் பெட்டியில் போட்டுவிட்டார்கள். பையனாக இருந்தால் போட்டிருப்பார்களா, எனக்குத் தெரியாது. 11 வயதில் மாடிப்படி ஏற முடியாமல் உதடு நீலமாகி வந்தாள். பரிசோதனை எல்லாம் செய்து பார்த்தார் எங்க பெரிய டாக்டர். ஓட்டை வழியாக வருஷக்கணக்கில் அளவுக்கு மீறிப் பாய்ந்த ரத்தம் நுரையீரலின் குழாய்களைத் தடிக்க வைத்து இறுக்கிவிட்டது. அந்த நிலைமைக்கு வந்த பிறகு ஓட்டையை அடைத்தால் உயிருக்கே ஆபத்து. 30 வருஷம் பழகின கை அது. அந்தக் கையால் ஒன்றும் செய்ய முடியவில்லை. வராந்தாவில் வந்து, "அஞ்சு வருஷம் முன்னாடி கொண்டுவந்திருந்தா ஒரு காலை வேளை வேலைம்மா" என்று என்னிடம் சொல்லிவிட்டு ரூமுக்குள் போய்விட்டார். மருந்து மாத்திரையோடு அந்தப் பெண்ணை அனுப்பி வைத்தோம்.

அதே வார்டில், அதே மாதிரி ஓட்டையோடு, 8 மாதத்தில் வந்த குழந்தைகள் பத்தாம் நாள் வீட்டுக்குப் போனதை நூற்றுக்கணக்கில் பார்த்திருக்கிறேன். வித்தியாசம் டாக்டரில் இல்லை, வந்து சேர்ந்த நேரத்தில்தான். தழும்பு நாளாக ஆக மங்கிவிடும். சில ஆபரேஷனை அக்குள் பக்கமாகவே செய்கிறார்கள். குணமான பெண்கள் படிக்கிறார்கள், வேலைக்குப் போகிறார்கள், பெரும்பாலானவர்கள் டாக்டர் ஆலோசனையோடு பிள்ளையும் பெறுகிறார்கள்.

அதனால் எதைப் பார்த்தால் சந்தேகப்படணும் என்று மனசில் வாங்கிக்கோங்க. கைக்குழந்தை ஒரு மூச்சாகப் பால் குடிக்காமல் விட்டு விட்டுக் குடிக்கும். குடிக்கும்போதே நெற்றி வியர்க்கும். வேக வேகமாக மூச்சு வாங்கும், விலா குழியும். மாதாமாதம் எடை ஏறாது. சளி, நிமோனியா என்று அடிக்கடி ஆஸ்பத்திரி. அழும்போது உதடும் நாக்கும் நகமும் நீலமாகும். கொஞ்சம் பெரிய பிள்ளை என்றால், ஓடி விளையாடும்போது நடுவில் நின்று குந்திக்கும். குந்தினால் அதுக்கு மூச்சு லேசாகும், அதனால்தான். இதில் ஒன்று இருந்தாலும் "பால் சேரலை, திருஷ்டி" என்று இருந்துவிடாமல் குழந்தை டாக்டரிடம் காட்டி, எக்கோ எடுக்கணுமா என்று வாய் திறந்து கேளுங்க. எக்கோ என்பது ஸ்கேன் மாதிரிதான், வலிக்காது. பிறந்த குழந்தை நீலமாக இருந்தால் ஒரு நாளும் தள்ளக் கூடாது. சில குறைகளுக்கு முதல் சில வாரத்துக்குள்ளேயே ஆபரேஷன் செய்தாகணும்.

முழுகாம இருக்கிறவங்க ஐந்தாம் மாத ஸ்கேனைத் தவறவிடாதீங்க. பெரிய குறைகள் பல அதிலேயே தெரியும். பிரசவமான ஆஸ்பத்திரியில், வீட்டுக்கு அனுப்புகிறதுக்கு முன்னாடி குழந்தையின் காலில் சிவப்பு விளக்கு எரிகிற கிளிப்பை மாட்டிப் பிராணவாயு அளவு பாருங்க என்று கேளுங்க. 95க்குக் கீழே காட்டினால் மேற்கொண்டு பார்க்கணும்.

பணத்துக்கு என்ன செய்வது என்று நினைப்பீங்க. 2013ல் இருந்து ஆர்.பி.எஸ்.கே. என்ற திட்டத்தில் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு வருஷத்தில் இரண்டு முறையும், அரசுப் பள்ளிக்கு ஒரு முறையும் வந்து பிள்ளைகளைப் பரிசோதிக்கிறது. அவங்க எழுதிக் கொடுக்கிற சீட்டைப் பத்திரம் மாதிரி வைத்துக்கொண்டு அடுத்த வாரமே கிளம்பணும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கிற குடும்பத்துக்கு, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். குழந்தை இருதய ஆபரேஷனும் அதில் உண்டு. வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் இவை கையில் இருக்கட்டும். சந்தேகம் இருந்தால் 104க்குப் போன் செய்து கேட்கலாம்.

ஆனால் காப்பீடு ஆபரேஷனுக்குத்தான். பஸ் சார்ஜ், கூட இருக்கிறவருக்குச் சாப்பாடு, பதினைந்து நாள் கூலி நஷ்டம், வீட்டில் விட்டு வந்த மற்ற பிள்ளைகள், இதையெல்லாம் யார் பார்ப்பது? நிறையக் குடும்பங்கள் ஆபரேஷன் இலவசம் என்று தெரிந்தும் இந்தச் செலவுக்குப் பயந்துதான் தள்ளிப்போட்டார்கள். அங்கேதான் குழு வேணும். உள்கடனில் இதுக்கு முதலிடம் கொடுக்கலாம். ஒருத்தர் கூடத் துணைக்குப் போகலாம். இன்னொருத்தர் வீட்டில் இருக்கிற பிள்ளைக்குச் சோறு போடலாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு மாதக் கூட்டத்திலும் சந்தா எழுதி முடித்த பிறகு ஐந்து நிமிஷம் ஒதுக்குங்க. "நம்ம பத்து பன்னிரண்டு வீட்டில், எடை ஏறாத, மூச்சு வாங்குகிற, நீலமாகிற பிள்ளை உண்டா? டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு எந்த வீட்டுப் பெட்டியிலாவது தூங்குதா?" என்று ஊக்குநர் கேட்கட்டும். பதிலைத் தீர்மான நோட்டில் எழுதுங்க. இருக்கிறது என்றால், யார் எந்தத் தேதியில் கூட்டிக்கொண்டு போவது என்பதையும் அதற்குக் கீழேயே எழுதிக் கையெழுத்துப் போடுங்க.

சந்தேகம் இருக்கிறவங்க மேடைக்குப் பக்கத்தில் வாங்க, சாயந்திரம் கடைசி பஸ் வரைக்கும் நான் இங்கேதான் இருப்பேன். பிள்ளையையும் தூக்கிட்டு வாங்க.